நெய்தலிற் பிறந்த பாலை: சீனன்குடா விமானத்தளப் புகைப்படங்கள் பற்றிய ஒரு நோக்கு

திருகோணமலையின் வரலாற்றை எழுத முற்பட்டோர், கோணேசர் கல்வெட்டையும் ஒல்லாந்தர் ஆவணங்களையும் ஆங்கிலேயக் கடற்படையினரின் அறிக்கைகளையும் சான்றாகக் கொண்ட அளவுக்குப் புகைப்படங்களைச் சான்றாகக் கொண்டாரல்லர். வரலாற்று நூல்களிற் புகைப்படம் இடம்பெறுவதுண்டு. ஆயின் அது நூலின் நடுவே வழவழப்பான தாளில் அச்சிட்டுச் சேர்க்கப்படும் நான்கு பக்க அலங்காரமாகவே பெரிதும் நின்றுவிடுகின்றது. எழுத்தை ஐயுற்று வினாவும் ஆய்வாளர், படத்தைக் கண்டதும் வினாவுதலைக் கைவிட்டுவிடுகின்றனர். உள்ளது உள்ளபடியே தெரிகின்றது என்ற நம்பிக்கை அங்கே குறுக்கிடுகின்றது.

இந்நம்பிக்கை ஆய்வுக்குப் பொருந்தாதது. ஒரு செய்யுளுக்குப் புலவனும் மரபும் கேட்போரும் இருத்தல் போன்றே ஒரு புகைப்படத்துக்கும் எடுத்தவரும், எடுக்கும் மரபும், பார்ப்போரும் உளர். எதனைச் சட்டத்துள் அடக்குவது, எதனை வெளியே விடுவது, அடியில் என்ன எழுதுவது என்பன யாவும் தெரிவுகளே. ஆகவே இலக்கியத்துக்கு உரிய திறனாய்வு புகைப்படத்துக்கும் உரியதாகின்றது. அவ்வகையில் நோக்கத்தக்க ஒரு தொகுதியே, இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் அதனையடுத்த ஆண்டுகளிலும் சீனன்குடா விமானத்தளத்தில் எடுக்கப்பட்ட அன்றாட வாழ்க்கைப் படங்களாகும்.

படங்களை நோக்குமுன் அவை பிறந்த களத்தைச் சுருக்கமாக அறிதல் நன்று. திருகோணமலை நகருக்குத் தென்மேற்கே, உட்துறைமுகத்தை அடுத்து, தம்பலகாமம் செல்லும் வழியில் அமைந்தது சீனன்குடா. இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே இங்கு விமானத்தளமும், கடற்படைக்கு வேண்டிய எண்ணெயைச் சேமிக்கும் பாரிய குதங்களும் அமைந்துவிட்டன. 1942 பெப்ரவரியிற் சிங்கப்பூர் வீழ்ந்தபின், இந்து சமுத்திரத்திற் பிரித்தானியருக்கு எஞ்சிய தளங்களுள் திருகோணமலை முதன்மை பெற்றது. அவ்வாண்டு ஏப்ரல் 5ஆந் திகதி கொழும்பைத் தாக்கிய யப்பானிய விமானங்கள், 9ஆந் திகதி 90க்கு மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்களுடன் திருகோணமலையைத் தாக்கின. சீனன்குடாவிலிருந்து றோயல் விமானப்படையின் 261ஆம் அணியைச் சேர்ந்த ஹரிக்கேன் விமானங்கள் எதிர்த்துச் சென்றன. அன்றே ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. பின்னர் 1944இல் நிலைமை மாறியது. மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் பேராதனைக்கு வந்தது. கீழைக் கடற்படை மீண்டும் திருகோணமலைக்குத் திரும்பியது. சீனன்குடாவின் ஓடுபாதை 7,200 அடியாக நீட்டப்பட்டு, அவ்வாண்டு ஓகஸ்ட் 10ஆந் திகதி அங்கிருந்து 54 அமெரிக்க பி-29 விமானங்கள் சுமாத்திராவிலுள்ள பாலெம்பாங் எண்ணெய் ஆலைகளைத் தாக்கப் புறப்பட்டன. போக வர ஏறத்தாழ 4,000 மைல் கொண்ட பயணம் அது. 1957இல் இத்தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது.

இப்பதினைந்து ஆண்டுக் காலத்தில் எடுக்கப்பட்ட படங்கள் இருவகைப்படும். ஒன்று, படைத்துறை அலுவலர் கடமையாக எடுத்த உத்தியோகபூர்வப் படங்கள். தணிக்கையைக் கடந்து பத்திரிகைகளுக்குச் சென்ற இவ்வகைப் படங்கள் இலண்டனிலுள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகத்திற் பேணப்படுகின்றன. மற்றையது, படைவீரர் தத்தம் சிறு கமராக்களால் எடுத்து வீட்டுக்கு அனுப்பியவையும், பின்னர் அல்பங்களில் ஒட்டி வைத்தவையுமாகும். 1900ஆம் ஆண்டிற் கொடக் நிறுவனம் அறிமுகஞ் செய்த பிரௌனிப் பெட்டிக் கமரா, படமெடுத்தலைச் செல்வர் கலையிலிருந்து சாதாரணர் பழக்கமாக்கியிருந்தது. அதன் பயனாகவே இருபது வயதுப் பொறித்திருத்துநர் ஒருவர் சீனன்குடாவில் தமது நாளாந்த வாழ்வைத் தாமே பதிவு செய்தல் இயல்வதாயிற்று.

இரண்டாம் வகைப் படங்களிற் காணப்படும் பொருள்கள் வியப்புக்குரிய ஒற்றுமை உடையன. கிடுகால் வேய்ந்த நீண்ட குடில், நுளம்புவலை தொங்கும் கட்டில், விமான எந்திரத்தின்மீது குனிந்து நிற்கும் மேற்சட்டையற்ற இளைஞர், தேநீர்க் குவளையுடன் இளைப்பாறும் குழு, உதைபந்தாட்டம், கடற்குளிப்பு, நத்தார் விருந்து, மேடையிற் பெண்வேடமிட்டு ஆடும் வீரர், தோளில் அமர்ந்திருக்கும் வளர்ப்புக் குரங்கு. இவற்றுடன், நீர்ப்பரப்பில் மிதக்கும் கட்டலீனா விமானம், சுவாமி மலை, இளநீர் விற்போர், துணி வெளுப்போர் ஆகியோரும் இடம்பெறுவர். போரின் கொடுமை இவற்றில் இல்லை. குண்டு வீழ்ந்த நாள் ஒன்றாக இருக்க, வீழாத நாள்கள் ஆயிரமாக இருந்தன என்பதும், அவ்வாயிரம் நாள்களைக் கழிக்கும் வகை தெரியாமையே படைவீரரின் பெருந்துன்பமாயிருந்தது என்பதும் இப்படங்களால் உணரப்படும். போர் வரலாற்று நூல்கள் சொல்லத் தவறும் உண்மை இது. இதனைச் சொல்வதனால் இப்படங்கள் மதிப்புடையன.

எனினும் இவ்வுண்மை முழுமையானதன்று. அதனை விளக்குதற்கு முற்றிலும் வேறான ஒரு நிலத்தில் எடுக்கப்பட்ட படங்களோடு இவற்றை ஒப்பிடல் வேண்டும். ஈராக்கிற் பக்தாதுக்கு மேற்கே, யூபிரதீசு நதியை அடுத்த வெறுநிலத்தில் ஹப்பானியா என்னும் விமானத்தளத்தைப் பிரித்தானியர் 1936இல் திறந்தனர். 1959 வரை அதனை வைத்திருந்தனர். நதிநீரைக் கொண்டு தோட்டமும் நிழல்தரு சாலையும் அமைத்து, நீச்சற் குளமும் படமாளிகையும் கட்டி, பாலைநிலத்தின் நடுவே ஒரு சிறு ஆங்கில நகரை எழுப்பினர். அங்கு பணியாற்றியோர் எடுத்த படங்களைச் சீனன்குடாப் படங்களின் அருகே வைப்பின், மணலையும் தென்னையையும் நீக்கிவிட்டால் இரண்டையும் வேறு பிரித்தல் அரிதாகும். அதே தேநீர்க் குவளை, அதே உதைபந்து, அதே நத்தார் விருந்து, கயிற்றில் உலரும் அதே காற்சட்டை. 1921இல் நிறுவப்பட்ட நாஃபி என்னும் படையினர் சிற்றுண்டிச்சாலை அமைப்பு, இரு தளங்களுக்கும் ஒரேவகைப் பிஸ்கற்றையே வழங்கியது எனினும் மிகையாகாது.

சொற்களும் இவ்வாறே இடம்பெயர்ந்தன. துணி வெளுப்பவர் இப்படக் குறிப்புகளிலே ‘டோபி’ எனப்படுவர். தேநீர் தருபவர் ‘சாய்வாலா’ எனப்படுவர். இவை திருகோணமலைச் சொற்களல்ல. வட இந்தியாவிற் பிரித்தானியப் படையினர் கற்று, சென்ற நாடெங்கும் தம்மோடு கொண்டு சென்ற இந்துஸ்தானிச் சொற்கள். திருகோணமலையிற் பேசப்பட்ட தமிழோ சிங்களமோ இக்குறிப்புகளில் இடம்பெறுவது அரிது. படைத்தளத்தின் அன்றாட வாழ்வு மூட்டை கட்டி எடுத்துச் செல்லத்தக்கது. எங்கு அவிழ்க்கப்படினும் ஒன்றே போலத் தோன்றுவது. இதனால், அது அவிழ்க்கப்படும் மண்ணுக்கென்று ஓர் அன்றாட வாழ்வு இருந்தது என்பது மறைந்துவிடுகின்றது. ஹப்பானியா இயற்கையாற் பாலை. சீனன்குடாவோ படமெடுக்கும் பார்வையாற் பாலையாக்கப்பட்டது.

இவ்விடத்துத் தமிழ்ப் பொருளிலக்கணம் துணைசெய்யும். பாலை என்பது தனியொரு நிலமன்று, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டவிடத்துக் கொள்ளும் வடிவமே அது என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். அவ்விளக்கத்தைச் சற்று விரித்து, நெய்தலும் இயல்பு கெட்டுப் பாலையாதல் கூடும் எனக் கொள்ளலாம். மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், நிலாவெளி ஆகிய ஊர்களாற் சூழப்பட்ட இத்துறைமுகப் பகுதி மீன்பிடியாலும் நெல்வேளாண்மையாலும் நிறைந்தது. தோணிகள் நாளும் கடந்த நீர்ப்பரப்பு அது. படங்களிலோ அந்நீர்ப்பரப்பிற் கட்டலீனாவே மிதக்கின்றது. தோணி தென்படுமாயின், அந்திச் சூரியனுக்கு எதிரே கருநிழலாகத் தென்படும். அதனைச் செலுத்துவோரின் முகம் தென்படாது.

தொல்காப்பியர் வகுத்த முதல், கரு, உரி என்னும் முப்பகுப்பு இப்படங்களின் அமைப்பை மேலும் தெளிவாக்கும். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் முதலியன கருப்பொருள். மாந்தரின் உள்ளத்து ஒழுக்கம் உரிப்பொருள். சீனன்குடாப் படங்களில் உரிப்பொருள் படைவீரருக்கு மாத்திரமே உரியது. ஏங்குபவர், சிரிப்பவர், சலிப்படைபவர், நண்பரின் தோளில் கைபோட்டு நிற்பவர் அவரே. அம்மண்ணுக்கு உரியோர் தென்னையோடும் குரங்கோடும் சேர்த்துக் கருப்பொருளாக வைக்கப்படுகின்றனர். ஈழத்தின் மேற்குக் கரையிற் புத்தளத்தில் அமைந்திருந்த கடற்படை விமான நிலையத்திற் சேற்றிற் புதைந்த விமானங்களை இழுத்தற்கு யானைகள் பயன்பட்டன. விமானத்தை யானை இழுக்கும் காட்சி பத்திரிகைகளுக்கு உவப்பானது. பார்ப்போர் கண் யானையிலும் விமானத்திலும் தங்கும். யானையின் அருகே நடக்கும் பாகன் இரண்டுக்கும் இடையில் தொலைந்துபோவான்.

பாலைக்குரிய உரிப்பொருள் பிரிவு என்பதும் இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது. வீட்டையும் மனைவியையும் பிரிந்து பல்லாயிரம் மைலுக்கு அப்பால் வந்த இளைஞர், தாம் நலமாயிருப்பதாகக் காட்டுதற்கென்றே எடுத்து அனுப்பிய படங்கள் இவை. அவற்றிற் காணும் சிரிப்பு பார்ப்போரின் கவலையைத் தணித்தற்காகச் சிரிக்கப்பட்டது. ஆகவே இப்படங்களை ஆதிக்கத்தின் கருவி என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. எடுத்தோரிற் பலர் கட்டாயச் சேவைக்கு அழைக்கப்பட்ட தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். போர் முடிந்தபின்னும் வீடு திரும்ப விடப்படாமையால் 1946 ஜனவரியில் றோயல் விமானப்படையினர் கராச்சியில் தொடங்கிய வேலைநிறுத்தம், இலங்கையிலிருந்த சில நிலையங்களுக்கும் பரவியது. அன்றாட வாழ்வைக் காட்டும் அல்பங்களில் இந்த அன்றாடக் கசப்புக்கு இடமில்லை. தம்மைப் பற்றிய உண்மையையே முழுதாகச் சொல்லாத ஒரு மரபு, பிறரைப் பற்றிய உண்மையைச் சொல்லும் என எதிர்பார்த்தல் இயலாது. குறை தனியொரு படைவீரரின் உள்ளத்தைச் சார்ந்ததன்று. எதனைப் படமாக்கலாம் என அவருக்குக் கற்பித்த மரபைச் சார்ந்தது.

அம்மரபின் இயல்பு படத்தைக் காட்டிலும் படக்குறிப்பில் வெளிப்படையாகத் தெரியும். விமானத்துக்கு வகைப்பெயரும் இலக்கமும் எழுதப்படும். நண்பருக்குப் பெயரும் செல்லப் பெயரும் எழுதப்படும். நாய்க்கும் குரங்குக்கும் பெயருண்டு. துணி வெளுத்தவர் ‘எங்கள் டோபி’ ஆவார். மண் சுமந்தவர் ‘சுதேசித் தொழிலாளர்’ ஆவர். உடைமைப் பெயர் இருக்கும், இயற்பெயர் இராது. 1942 ஏப்ரல் 4ஆந் திகதி கொக்கலையிலிருந்து பறந்து சென்று யப்பானியக் கடற்படையை முதலிற் கண்டறிந்த கனடிய விமானி லெனர்ட் பேர்ச்சலின் பெயர் நிலைபெற்றுவிட்டது, அது தகும். ஆயின் 7,200 அடி ஓடுபாதை தானே நீளவில்லை. காடு வெட்டி, கல்லுடைத்து, கடகத்தில் மண் சுமந்து அதனை நீட்டியோர் உளர். அவர்களுள் ஒருவர் பெயரேனும் பொது நினைவில் இல்லை.

பெயரின்மை எப்போதும் இழிவன்று என்று கூறப்படலாம். அகத்திணை மாந்தரைப் பெயர் சுட்டிக் கூறலாகாது என்பதே தமிழ் மரபு. தலைவன் என்றும் தலைவி என்றும் நிற்கையில் அவர் எல்லா மாந்தருமாகி விடுகின்றனர். இம்மறுப்பு ஆராயத்தக்கது. அகப்பாடலிற் பெயரின்மை அனைவர்க்கும் பொது. தலைவனுக்கும் பெயரில்லை, தோழிக்கும் பெயரில்லை. பெயர் நீங்கியவிடத்து உள்ளம் நிறைந்து நிற்கின்றது. அல்பத்தில் நிகழ்வது வேறு. ஒரே படத்தில் அருகருகே நிற்கும் இருவருள் ஒருவருக்குப் பெயரும், மற்றவருக்குத் தொழிலும் எழுதப்படுகின்றன. பெயரை இழந்தவருக்கு அதற்கு ஈடாக உள்ளம் தரப்படவும் இல்லை.

இக்குற்றத்தை அயலார்மேல் மாத்திரம் சுமத்திவிட்டு அமைதியுறுதலும் இயலாது. அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்கு உரிமையாளராகக் கொள்ளாது, கைக்கிளை பெருந்திணை என்னும் புறநிலைக்கே உரியோராக வைத்தது தமிழிலக்கணமே. ஏவல் செய்வோருக்கு நுண்ணிய உள்ளம் இல்லையெனக் கருதிய பார்வை, பெட்டிக் கமராவுடன் கப்பலேறி வந்ததன்று. திருகோணமலை பற்றிய தமிழ் எழுத்துகளும் பெரும்பாலும் கோயிலையும் கோட்டையையும் துறைமுகத்தின் இயற்கை வனப்பையுமே பாடின. டொக்யாட்டிலும் விமானத்தளத்திலும் எண்ணெய்க் குதங்களிலும் கூலிபெற்ற தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், மலையாளிகள் ஆகியோரின் வரலாறு அவ்வெழுத்துகளிலும் ஓரத்திலேயே நிற்கின்றது.

மாற்றுப் பார்வைகள் இல்லாமலில்லை. சீனன்குடாவிலிருந்து பி-29 விமானங்கள் பறந்த அதே 1944இற் கொழும்பிற் காலமான லயனல் வென்ட், இலங்கை மக்களின் உடலையும் உழைப்பையும் ஒளியையும் நிழலையும் இணைத்துப் படமாக்கினார். அப்படங்கள் அவர் மறைந்தபின் 1950இல் நூலாக வெளிவந்தன. அவரது பார்வை அழகைத் தேடியது. படைத்தள அல்பம் தரமறுத்த மாண்பை அது மாந்தருக்கு வழங்கியது எனலாம். புனைகதையில் மூதூரைச் சேர்ந்த வ. அ. இராசரத்தினம் ‘தோணி’ என்னும் சிறுகதையினால் இதனினும் ஒருபடி மேற்சென்றார். படங்களில் அந்திக்கு எதிரே கருநிழலாய் நின்ற அதே தோணியை, அதற்கு ஏங்கும் ஒரு மீனவச் சிறுவனின் உள்ளத்திலிருந்து நோக்கினார். கருப்பொருளாக வைக்கப்பட்டோருக்கு உரிப்பொருளை மீட்டளித்தது அக்கதை. புகைப்படத் துறையில் அத்தகைய மீட்பு இன்னும் நிகழவேண்டியதாகவே உள்ளது.

அது ஏன் நிகழவேண்டும் என்பதற்கு 1957க்குப் பிந்திய வரலாறு விடை தரும். அவ்வாண்டு ஒக்டோபர் 15ஆந் திகதி கடற்படைத் தளம் கையளிக்கப்பட்ட நிகழ்வு, நாட்டின் இறைமைக்கு அடையாளமாகக் கொண்டாடப்பட்டது. கொடி இறக்குதலும் ஏற்றுதலும் படமாக்கத்தக்க காட்சிகள். ஆயின் தளம் மூடப்பட்டதால் வேலை இழந்தோர் பலர். அவ்வாறு வேலையிழந்த தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றைப் பதவியாவிற் குடியேற்றும் திட்டமும், அதற்கு எதிராக எழுந்த கிளர்ச்சியும் 1958ஆம் ஆண்டு வன்செயல்களுக்கு முன்னோடியான நிகழ்ச்சிகளுள் ஒன்றாயின. தளத்தின் அன்றாட வாழ்வுக்குப் பின்னணியாக மாத்திரம் நின்றவர்கள், தளம் நீங்கியபின் அரசியற் கணக்கின் இலக்கங்களாயினர். பெயரில்லாதோரை எண்களாக மாற்றுவது எளிது. நெய்தலுக்குரிய உரிப்பொருள் இரங்கல் என்பர். படைவீரரின் பிரிவு அல்பங்களிற் பதிவாகியது; கரையிலிருந்தோரின் இரங்கல் பதிவாகவில்லை.

எண்களின் ஆட்சி இன்றும் முடிந்தபாடில்லை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும் 99 எண்ணெய்த் தாங்கிகள் சீனன்குடாவில் நிற்கின்றன. 1942 தாக்குதலின்போது யப்பானிய விமானமொன்று மோதி எரிந்ததாகச் சொல்லப்படும் 91ஆம் இலக்கத் தாங்கியின் உருகிய இரும்பும் அங்கு உண்டு. 2022 ஜனவரியிற் கைச்சாத்தான உடன்படிக்கையின்படி 14 தாங்கிகள் இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கும், 24 தாங்கிகள் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 தாங்கிகள் இரண்டும் இணைந்த கூட்டு முயற்சிக்கும் எனப் பங்கிடப்பட்டன. தாங்கிகள் எவருக்கு உரியன என்பது பற்றிப் பத்திரிகைகள் நிறைய எழுதின. அவற்றைக் கட்டியோர் எவர் என்ற வினா எழவில்லை.

இந்நிலையில் இப்படங்களுக்கு எதிர்பாராத ஒரு மதிப்பு வந்து சேர்கின்றது. 1983இலும் அதன் பின்னரும் நிகழ்ந்த வன்செயல்களாலும் போரினாலும், 2004 திசெம்பர் 26ஆந் திகதிய ஆழிப்பேரலையாலும் வீடிழந்த கிழக்கிலங்கைக் குடும்பங்கள் முதலில் இழந்தவற்றுட் சுவரில் மாட்டிய படங்களும் பெட்டியில் வைத்த படங்களும் அடங்கும். பாட்டனின் முகத்தைப் பேரர் அறிந்துகொள்ள வீட்டில் எதுவும் எஞ்சாத குடும்பங்கள் உள. அத்தகைய ஒரு பாட்டன், பிரித்தானிய அருங்காட்சியகம் ஒன்றிலோ முன்னாள் விமானப்படையினர் ஒருவரின் அல்பத்திலோ, விமானச் சிறகின் நிழலிற் பெயரின்றி நிற்றல் கூடும். எந்தப் பார்வை அவரைக் கருப்பொருளாக்கியதோ, அப்பார்வை எடுத்த படமே அவரது முகத்துக்கு எஞ்சிய ஒரே சான்றாகவும் இருத்தல் கூடும். இம்முரண்பாட்டை மறந்து இப்படங்களைப் போற்றுவதும் பிழை, புறக்கணிப்பதும் பிழை.

கமரா தன் எசமானருக்கு முழுமையாகக் கீழ்ப்படிவதில்லை. எழுதுவோன் வேண்டாததை எழுதாது விடலாம். படமெடுப்போனுக்கு அவ்வுரிமை குறைவு. நண்பரை எடுக்க முற்படுகையிற் பின்னால் நடந்து செல்பவரும் தகட்டிற் பதிந்துவிடுகின்றார். றோலன் பார்த் 1980இல் வெளியிட்ட தமது இறுதி நூலில், ஒரு படத்தின் பொதுக் கருத்துக்கு அப்பால், எடுத்தவர் கருதாத ஏதேனும் நுணுக்கம் பார்ப்போரின் நெஞ்சைக் குத்துதல் உண்டு என விளக்கினார். அக்கருத்தைத் திருகோணமலைக்குப் பொருத்துகையில் ஒரு திருத்தம் வேண்டும். எந்த நுணுக்கம் குத்தும் என்பது பார்ப்பவர் எந்த ஊரவர் என்பதையும் பொறுத்தது. இலண்டனிற் பார்ப்பவருக்கு வீரரின் சிரிப்பு உறைக்கும். கிண்ணியாவிலோ பாலையூற்றிலோ பார்ப்பவருக்குப் பின்னால் நிற்பவர் சாரத்தை மடித்துக் கட்டிய முறையும், தலைத்துண்டைச் சுற்றிய முறையும், கடகத்தைப் பிடித்த கையும் உறைக்கும். அவர் எவ்வூரவர், எத்தொழிலர் என ஊகித்தறியும் ஆற்றல் அவ்வூர் மக்களிடமே உண்டு. அருங்காட்சியக அலுவலர் எவராலும் எழுத முடியாத படக்குறிப்பு அது.

ஆகவே செய்யத்தக்கது யாதெனில், இப்படங்களின் பிரதிகளைத் திருகோணமலைக்குக் கொண்டுவந்து, துறைமுகப் பகுதி ஊர்களில் மக்கள் முன் வைத்து, அவர் கூறுவனவற்றைப் பதிவு செய்தலாகும். சீனன்குடாத் தளம் இன்று இலங்கை விமானப்படையின் பயிற்சிக் கழகமாக உள்ளமையால், நினைத்தவுடன் உட்சென்று நிலத்தைப் பார்த்து நினைவை மீட்டல் ஊரவருக்கு இயலாது. படமே அவர் நுழையத்தக்க வாயில். இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. தமிழும் சிங்களமும் அறிந்த மாணவர் சிலரும், பொறுமையுமே வேண்டும். காலமோ மிகக் குறைவு. 1944இல் இருபது வயதினராய் மண் சுமந்தோர் இன்று உயிருடன் இருப்பின் நூறு வயதைக் கடந்திருப்பர். அவர்கள் வாய்மொழியைக் கேட்ட பிள்ளைகளும் முதுமையடைந்துவிட்டனர்.

ஏட்டுச் சுவடிகளைக் கறையானிலிருந்து மீட்ட தலைமுறையைத் தமிழுலகம் நன்றியோடு நினைக்கின்றது. அச்சுவடிகளில் எழுத்து இருந்தது, பொருள் விளங்காதிருந்தது. இப்படங்களில் முகம் இருக்கின்றது, பெயர் எழுதப்படாதிருக்கின்றது. பதிப்பாசிரியர் சிதைந்த அடியின் அருகே பாடம் எழுதியது போல, இப்படங்களின் ஓரத்திலும் எவரேனும் எழுதுதல் வேண்டும். ‘எங்கள் டோபி’ என்ற குறிப்பை அழிக்கவேண்டியதில்லை, அதுவும் வரலாறே. அதன் கீழே, அம்மனிதரின் பெயரும் ஊரும் தமிழிலோ சிங்களத்திலோ எழுதப்படுமாயின் போதும்.